உங்களுக்கு இன்னும் என்னம்மா வேண்டும்?

சிங்கப்பூரில் பெண்ணுரிமை பேசும் இளம்பெண்ணிடம் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "உங்களுக்கு இன்னும் என்னம்மா வேண்டும்?" கேட்பவர் குரலில் பெரும்பாலும் கோபம் இருக்காது, வியப்புதான் இருக்கும். நள்ளிரவில் தனியாக எம்ஆர்டி ரயிலில் வீடு திரும்பலாம். விரும்பியதைப் படிக்கலாம். நாட்டின் அதிபராக ஒரு பெண் இருந்துவிட்டார், அவருடைய தந்தை இந்திய முஸ்லிம் என்பது நமக்கு உபரிப் பெருமை. தஞ்சாவூரிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் ஒன்றுவிட்ட தங்கையை நினைத்துப் பார்த்தால் இங்கே குறை சொல்ல என்ன இருக்கிறது? (கல்யாணம் ஆகாவிட்டால் 35 வயது வரை வீவக எனும் அரசாங்க அடுக்குமாடி வீட்டைத் தனியாக வாங்க முடியாது. அதைக் குறையாகச் சொன்னால் "அதனால்தான் கல்யாணம் பண்ணிக்கொள்" என்று பதில் தயாராக இருக்கும்.)

ஒவ்வொரு தலைமுறையும் இந்தக் கேள்விக்குத் தன் பதிலைச் சொல்லியிருக்கிறது. பாட்டிமார் "ஒருவனுக்கு ஒருத்தி" என்றார்கள். அம்மாக்கள் "சம இடம்" என்றார்கள். இப்போது இருபதுகளில் இருப்பவர்கள் சொல்லும் பதில்தான் பெரியவர்களைக் குழப்புகிறது, ஏனென்றால் அவர்கள் கேட்பதில் பாதி அவர்களுக்கானதே அல்ல. பணிப்பெண்ணுக்கு ஓய்வு நாள் கேட்கிறார்கள். தூக்குக் கயிற்றை எதிர்நோக்கும் ஒருவனின் தாய்க்காகப் பூங்காவில் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். பாலஸ்தீனத்துக்காகக் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நீதிமன்றத்தில் நிற்கிறார்கள். "இதிலே பெண்ணியம் எங்கே வந்தது?" என்று நாமும் கேட்டுவிடுகிறோம். அது வந்த வழியைப் பார்ப்பதே இந்தக் கட்டுரை.

தேக்காவிலிருந்து பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் வாட்டர்லூ ஸ்திரீட். 1943 அக்டோபரில் நேதாஜியின் பெண்கள் படையான ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் இந்தத் தெருவில்தான் திறக்கப்பட்டது. தலைமை ஏற்ற லட்சுமி சுவாமிநாதன் சிங்கப்பூரில் மருத்துவத் தொழில் செய்துகொண்டிருந்தவர். அவருக்குக் கீழே துப்பாக்கி பிடித்தவர்களில் பெரும்பாலோர் மலாயாத் தோட்டப்புறத் தமிழ்ப் பெண்கள். ரப்பர் மரத்தில் பால் எடுத்த கை அது. இன்று அதே தெருவில் 96ஆம் எண் கட்டடத்தில் பெண்கள் அமைப்புகளின் கூட்டமைப்பான சிங்கப்பூர் மாதர் சங்க மன்றம் இருக்கிறது. அந்த வழியே போகும் எத்தனை பேருக்கு இந்த இரண்டும் ஒரே தெருவில்தான் என்று தெரியும் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. பள்ளிப் பாடத்தில் நேதாஜி வருவார், அந்தப் பெண்கள் ஒரு வரியில் வந்து போவார்கள்.

அதற்கும் முன்பே இன்னொரு விதை விழுந்திருந்தது. 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்தார். அவர் வந்து போன சூட்டில் 1932ல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் உருவானது. அதில் முன்னின்ற கோ. சாரங்கபாணி 1935ல் தமிழ் முரசைத் தொடங்கினார். விதவை மறுமணம், புரோகிதர் இல்லாத திருமணம், சாதி மறுப்பு எல்லாம் அந்தக் காலத்துத் தமிழ் மேடைகளில் பேசப்பட்டன. சாரங்கபாணி தாமே சீனப் பெண் ஒருவரை மணந்தவர். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பெண்ணியம் என்பது ஆங்கிலம் படித்த பிள்ளைகள் இணையத்தில் பிடித்துக்கொண்ட காய்ச்சல் என்று இன்று நம் சங்கக் கூட்டங்களில் சொல்வோர், தங்கள் சங்கங்களின் மூலமே எதுவென்று மறந்து பேசுகிறார்கள். இந்த ஊரில் பெண் விடுதலையைப் பொது மேடையில் பேசிய தொடக்கக்கால மொழிகளில் ஒன்று தமிழ். அது ஏன் அந்த இடத்தை விட்டுக்கொடுத்தது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

சட்டம் வந்த கதை ஓரளவு தெரிந்தது. பம்பாயில் பிறந்த ஷிரின் ஃபோஸ்தார் 1952ல் சிங்கப்பூர் மாதர் மன்றத்தை உருவாக்க முன்னின்றார். கேரளத்தில் பிறந்த செச்சா டேவிஸ் உடன் நின்றார். பலதார மணத்தை ஒழிப்பதே அவர்களின் முதல் கோரிக்கை. 1959 தேர்தலில் மக்கள் செயல் கட்சி அதைத் தன் வாக்குறுதியாக்கியது. பெண்கள் ஐந்து பேர் சட்டமன்றத்துக்குள் போனார்கள். 1961ல் பலதார மணத்தைத் தடைசெய்த மாதர் சாசனம் நடப்புக்கு வந்தது. முஸ்லிம்களுக்கு அது முழுமையாகப் பொருந்தாது, அவர்களுக்குத் தனிச் சட்டம். ஆகவே ஒரே தமிழ்ச் சமூகத்துக்குள், அடுத்தடுத்த வீட்டில் வாழும் இரண்டு பெண்களுக்கு, திருமணம் தொடர்பாக இரண்டு சட்டங்கள் உண்டு. நம் தமிழ் மேடைகளில் இதைப் பற்றி யாரும் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

சாசனத்துக்குப் பிறகு நடந்தது விசித்திரம். அதற்காகப் போராடிய மக்கள் செயல் கட்சி உறுப்பினர் சான் சோய் சியோங் 1970ல் ஓய்வு பெற்றார். அன்று முதல் 1984 வரை சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் ஒரு பெண்கூட இல்லை. பதினான்கு ஆண்டுகள்! கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாயிற்று, இனி வேலையைப் பாருங்கள் என்பது போன்ற ஒரு மௌனம். 1979ல் மருத்துவப் படிப்பில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம்தான் என்று உச்சவரம்பு வைத்தார்கள். பெண் மருத்துவர்கள் குடும்பத்துக்காக வேலையை விட்டுவிடுவார்கள் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அந்த வரம்பு 2003ல்தான் நீங்கியது. இன்று நாற்பதைத் தாண்டிய எத்தனை தமிழ்ப் பெண்கள் அந்த வாசலில் திரும்பிப் போனவர்கள் என்று யார் கணக்கெடுத்தார்கள்?

மௌனத்தை உடைத்தவர் பிரதமரே. 1983 தேசிய தினப் பேரணி உரையில் லீ குவான் இயூ, படித்த பெண்கள் மணமாகாமலும் குறைவாகப் பிள்ளை பெற்றும் இருப்பதை நாட்டின் பெரிய கவலையாகச் சொன்னார். அடுத்த ஆண்டு பட்டதாரித் தாய்மார்களின் பிள்ளைகளுக்குத் தொடக்கப்பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை வந்தது. அதன் மறுபக்கத்தை மறந்துவிடக்கூடாது. படிப்பும் வருமானமும் குறைந்த இளம் தாய்மார் ஒன்றிரண்டு பிள்ளைகளோடு கருத்தடை அறுவை செய்துகொண்டால் 10,000 வெள்ளி. ஒரு கையில் பரிசு, மறு கையிலும் பரிசு, ஆனால் இரண்டும் ஒரே செய்தியைச் சொல்லவில்லை. அன்றைய தமிழ்க் குடும்பங்களில் பட்டதாரிப் பெண்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று நினைத்தால், எந்தக் கை நம் பக்கம் நீண்டது என்பது புரியும். பட்டதாரிப் பெண்களே முதலில் கொதித்தார்கள் என்பதுதான் இதில் சிறப்பு. தங்களுக்குச் சலுகை தந்த திட்டத்தை அவர்கள் அவமானமாக எடுத்துக்கொண்டார்கள். முன்னுரிமைத் திட்டம் 1985ல் கைவிடப்பட்டது. அதே ஆண்டு பெண்கள் உரிமைக்கான அவேர் அமைப்பு பிறந்தது.

அவேர் பற்றித் தமிழில் எழுதும்போது இரண்டு மூன்று பெயர்களைச் சொல்லாமல் போகக்கூடாது. எலும்பு மருத்துவர் கன்வல்ஜித் சோயின் 1992ல் முதல் பெண் நியமன நாடாளுமன்ற உறுப்பினரானார். 1995ல் அவர் கொண்டுவந்த குடும்ப வன்முறை மசோதா தோற்றது. ஆனால் அதன் சாரம் அடுத்த ஆண்டே மாதர் சாசனத் திருத்தத்துக்குள் போய் உட்கார்ந்தது. தோற்றும் வெல்வது இந்த ஊரின் பெண்ணியத்துக்குப் பழக்கமான வழி. மலையாளக் குடும்பத்தில் பிறந்த கான்ஸ்டன்ஸ் சிங்கம், வெவ்வேறு காலங்களில் பலமுறை அவேரின் தலைவராக இருந்தவர். செய்தியாளராக இருந்த பிரேமா மதி அவேருக்கும் தலைமை ஏற்றார், நியமன உறுப்பினராக நாடாளுமன்றத்திலும் பேசினார், வெளிநாட்டு ஊழியர்களுக்கான டிடபிள்யூசி2 அமைப்பையும் தொடங்கி வைத்தார். சிறுபான்மையில் சிறுபான்மையான இந்தியப் பெண்கள் இந்த இயக்கத்தின் தலைமையில் இத்தனை பேர் இருந்தது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை. ஓரத்தில் நின்று பார்ப்பவருக்கு நடுவில் நடப்பது தெரியும்.

இளைய தலைமுறை என்று நாம் சொல்வோருக்கு முதல் பாடம் 2009. அந்த மார்ச் மாதம் அவேரின் ஆண்டுக் கூட்டத்தில், புதிதாக உறுப்பினரான பெண்கள் திரண்டு வந்து செயற்குழுவின் பெரும்பாலான இடங்களைப் பிடித்தார்கள். அவர்களில் பலர் ஒரே தேவாலயத்துக்குச் செல்பவர்கள். பள்ளிகளில் அவேர் நடத்திய பாலியல் கல்வியில் ஓரினச் சேர்க்கையைப் பற்றிச் சொல்லப்பட்டதே தங்களை இறங்க வைத்தது என்றார்கள். மே 2ஆம் தேதி சன்டெக் மண்டபத்தில் ஏறக்குறைய மூவாயிரம் பேர் கூடினார்கள். பல மணி நேர வாக்குவாதம். கடைசியில் 1,414க்கு 761 என்ற கணக்கில் புதிய குழுமீது நம்பிக்கையில்லை என்று வாக்கெடுப்பு முடிந்தது. சில நாளில் கல்வி அமைச்சு அவேரின் பாடத் திட்டத்தைப் பள்ளிகளிலிருந்து நிறுத்தி வைத்தது என்பது வெற்றிக் கதையில் சேராத பின்குறிப்பு. ஆனால் அன்று மண்டபத்துக்கு வந்தவர்களில் நிறையப் பேர் இளையர். சந்தா கட்டி, வரிசையில் நின்று, கை தூக்கினால் ஏதாவது நடக்கும் என்று இந்த ஊரில் கண்ணால் பார்த்த அனுபவம் அரிதானது. அது அவர்களுக்குக் கிடைத்தது.

அதே ஆண்டு வேறொரு சிறு குழு, மனைவியைக் கணவன் வல்லுறவு கொண்டால் குற்றமில்லை என்ற பழைய காலனியச் சட்டப் பாதுகாப்பை நீக்கக் கோரி இணையத்தில் கையெழுத்துத் திரட்டியது. 2007ல் அந்தப் பாதுகாப்பு ஓரளவே தளர்த்தப்பட்டிருந்தது. பிரிந்து வாழும் மனைவிக்கு மட்டும் சட்டம் துணை வரும், கூட வாழ்பவளுக்கு வராது. முழுமையாக நீங்கியது 2020 ஜனவரி 1ஆம் தேதி. கோரியவர்கள் அதற்குள் மாணவப் பருவம் தாண்டி வேலைக்குப் போய், சிலருக்குக் கல்யாணமும் ஆகியிருக்கும். 2011 டிசம்பரில் ஹாங் லிம் பூங்காவில் "உடைதான் காரணம்" என்னும் பேச்சை எதிர்த்து ஸ்லட்வாக் நடந்தது. சில நூறு பேர் வந்தார்கள். பெயரைக் கேட்டே நம் வீடுகளில் முகம் சுளித்தார்கள். அந்தப் பெயரைத் தமிழில் மொழிபெயர்க்க முயன்ற நண்பர் ஒருவர் பாதியில் பேனாவை வைத்துவிட்டார், நானும் முயலப்போவதில்லை.

உண்மையான திருப்பம் 2019 ஏப்ரல். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக விடுதியில் குளித்துக்கொண்டிருந்தபோது தன்னை ஒளிந்து படம் எடுத்த மாணவனுக்குக் காவல்துறை நிபந்தனையுடன் கூடிய எச்சரிக்கையும், பல்கலைக்கழகம் ஒரு பருவ இடைநீக்கமும் கொடுத்து முடித்ததை ஒரு மாணவி இன்ஸ்டகிராமில் எழுதினார். ஊர்வலம் இல்லை, பதாகை இல்லை. கைப்பேசியில் சில வரிகள். பல்கலைக்கழகம் மாணவர்களைக் கூட்டி விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று, மறுஆய்வுக் குழு அமைந்தது, பாதிக்கப்பட்டவர்களுக்கான பிரிவு உருவானது, தண்டனை விதிகள் கடுமையாயின. அதே ஆண்டு அக்டோபரில், பெண்களின் அந்தரங்கப் படங்களைப் பகிர்ந்த ஒரு டெலிகிராம் குழு பற்றிய செய்தி வந்தது. உறுப்பினர் சுமார் 44,000 பேர். ஒளிந்து படம் எடுப்பதும் அந்தரங்கப் படத்தைப் பரப்புவதும் 2020 ஜனவரி முதல் தனிக் குற்றங்களாயின.

இன்ஸ்டகிராமில் எழுதுவது போராட்டமா என்று பெரியவர்கள் கேட்பார்கள். கேட்பவர்கள் சட்டத்தைப் பார்ப்பதில்லை. இங்கே அனுமதியின்றி ஒரே ஒருவர் பதாகை பிடித்து நின்றாலும் அது பொதுக்கூட்டம் ஆகிவிடும். அனுமதி கேட்காமல் கூடக்கூடிய இடம் ஹாங் லிம் பூங்காவின் பேச்சாளர் சதுக்கம் ஒன்றுதான். அங்கும் ஏற்பாடு செய்பவர் குடிமகனாக இருக்க வேண்டும், வெளிநாட்டவர் வந்து நிற்கவும் கூடாது. சென்னை மெரினாவின் கூட்டத்தை யூடியூபில் பார்த்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கு இங்கே கிடைப்பது ஒரு புல்வெளி. ஆகவே இந்தத் தலைமுறை கூட்டத்தை நம்பி இயங்கவில்லை. கடிதம், வாசிப்பு வட்டம், நன்கொடை, நாடகம், நாடாளுமன்றக் குழுவுக்கு எழுதும் கருத்துரை, திரையில் ஒரு பதிவு. எல்லாமே சிறிய அறைக்குள் அடங்கும் வேலைகள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்காதது போலத் தோன்றுவது இதனால்தான்.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 2020ல் பெண்கள் மேம்பாடு பற்றிய கலந்துரையாடல்களைத் தொடங்கி, 2022ல் 25 திட்டங்கள் கொண்ட வெள்ளை அறிக்கையை நாடாளுமன்றத்தில் வைத்தது. கருமுட்டையைச் சேமித்து வைக்கும் அனுமதி அதில் ஒன்று, 2023 ஜூலையில் நடப்புக்கு வந்தது. தந்தையருக்கான விடுப்பு 2025 ஏப்ரலில் நான்கு வாரமானது. 2018 நிலவரப்படி ஆண், பெண் ஊதிய இடைவெளி 16.3 விழுக்காடு, வயதும் தொழிலும் வேலை நேரமும் ஒத்தவர்களை ஒப்பிட்டால் 6 விழுக்காடு என்று மனிதவள அமைச்சே கணக்குக் காட்டியது. நல்ல விஷயங்கள்தான். ஆனால் அரசியல் சட்டத்தின் 12ஆம் பிரிவு குடிமக்களைப் பாகுபாட்டிலிருந்து காக்கும்போது சமயம், இனம், மரபு, பிறந்த இடம் என்று எண்ணிச் சொல்கிறது, பால் அந்தப் பட்டியலில் இன்னும் இல்லை.

இடையில் ஒரு காயமும் உண்டு. 2020 தேர்தலில் செங்காங்கில் வென்ற ரயீசா கான், இளையோர் பெண்ணியத்தின் குரல் நாடாளுமன்றத்துக்கே போய்விட்டது என்று பலரை நம்ப வைத்தவர். பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு பெண்ணுடன் காவல் நிலையத்துக்குத் தாம் சென்றதாக 2021 ஆகஸ்டில் அவர் சொன்னது பொய் என்று பிறகு அவரே ஒப்புக்கொண்டு பதவி விலகினார். அவருக்கு 35,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. அந்த அனுபவத்தைத் தாம் ஒரு பெண்கள் ஆதரவுக் குழுவில் கேட்டதாகவும், தாமும் அப்படிப் பாதிக்கப்பட்டவர் என்றும் அவர் சொன்னார். அதற்குள் ஊர்ப் பேச்சு வேறு திசைக்குப் போயிருந்தது. நியாயமான ஒரு குறையைச் சொல்லக் கடன் வாங்கிய காட்சி எதற்கு? அடுத்து உண்மையாகவே போய்ச் சொல்லப்போகும் பெண்ணின் வார்த்தைக்கு அவர் வட்டி கட்ட வைத்துவிட்டார் என்பது என் வருத்தம். இதைச் சொன்னால் சில இளையர் என்மீது கோபப்படுவார்கள். படட்டும்.

இந்தியப் பெண்ணுக்கு இங்கே பால் ஒரு கணக்கு, நிறம் இன்னொரு கணக்கு. இரண்டையும் தனித்தனியாகக் கூட்ட முடியாது. "சீனர் சலுகை" என்ற சொல்லை 2010களின் நடுவில் சிங்கப்பூர்ப் பேச்சுக்குள் கொண்டுவந்தவர் சங்கீதா தனபால் என்னும் தமிழ்ப் பெண். அந்தச் சொல் எவ்வளவு தூரம் போனதென்றால், 2021 தேசிய தினப் பேரணியில் பிரதமர் லீ சியன் லூங் அதை எடுத்து, அப்படி ஒன்று இங்கே இருப்பதாகச் சொல்வது முற்றிலும் ஆதாரமற்றது என்று மறுக்க வேண்டியிருந்தது. 2019ல் ஒரு விளம்பரத்தில் சீன நடிகர் முகத்தைக் கறுப்பாக்கி இந்தியராக நடித்ததற்கு எதிராக ப்ரீத்தி நாயரும் அவர் சகோதரரும் பாடிய ராப் பாடல், கடுமையான சொற்களுக்காக இருவருக்கும் 24 மாத நிபந்தனை எச்சரிக்கையை வாங்கித் தந்தது. பாடலின் தொனி எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்த விளம்பரத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போன என் வயதுக்காரர்களின் பொறுமையும் எனக்கு இப்போது பிடிக்கவில்லை.

2022ல் அவேர் வெளியிட்ட 'வாட் வி இன்ஹெரிட்' என்னும் தொகுப்பு, இந்தியப் பெண்கள் தங்கள் வளர்ப்பைப் பற்றி எழுதியது. அது வந்தது ஆங்கிலத்தில். இங்கேதான் முன்பு விட்ட கேள்விக்கு வர வேண்டும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்று சொன்ன இந்தியர் பாதிக்கும் மேல். இளம்பெண்ணுக்குத் தமிழ் என்பது பாட்டியிடம் பேசும் மொழி, கோயிலில் கேட்கும் மொழி, "பொம்பளப் பிள்ள இப்படி உட்காரலாமா" என்று கண்டிக்கும் மொழி. உரிமையை அவள் ஆங்கிலத்தில் கற்கிறாள், கட்டுப்பாட்டைத் தமிழில் கற்கிறாள். தமிழ் மேடைகளில் பெண் என்னும் பொருள் பெரும்பாலும் "குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா மனைவியா" என்ற பட்டிமன்றத்தோடு நின்றுவிட்டது. நடுவர் மனைவி பக்கம் தீர்ப்புச் சொல்வார், கைதட்டுவார்கள், மண்டபத்துக்கு வெளியே மனைவிமார் உணவுப் பொட்டலம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். சீர்திருத்தச் சங்கம் வைத்திருந்த மொழி இந்த நிலைக்கு வந்ததற்கு இளையர்மீது பழி போட முடியாது.

விதிவிலக்கு இலக்கியம். லதாவின் 'நான் கொலை செய்யும் பெண்கள்' சிறுகதைத் தொகுப்பு 2008ல் சிங்கப்பூர் இலக்கியப் பரிசு பெற்றது. கமலாதேவி அரவிந்தன் முதல் அடுத்து வந்த எழுத்தாளர்கள் வரை, மேடையில் சொல்ல முடியாததைப் பெண்கள் கதைக்குள் வைத்துச் சொல்லி வந்திருக்கிறார்கள். அந்தக் கதைகளின் பெண்களும் இன்ஸ்டகிராமில் எழுதும் பெண்களும் சந்தித்துக்கொண்டால் நிறையப் பேசுவார்கள். நடுவில் நிற்பது மொழி.

வழிபாட்டிலும் இது உண்டு. சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் ஆண்டுதோறும் தீமிதி நடக்கிறது. அம்மன் பெண், திரௌபதி பெண், நெருப்பில் இறங்குவோர் ஆண்கள். பெண்களுக்கு வேறு நேர்த்திக்கடன்கள் உண்டு. இதை மாற்ற வேண்டும் என்று இளையர் பெரிதாகக் கொடி பிடிக்கவில்லை. என் அக்கா மகளிடம் கேட்டேன். "நெருப்புல நடக்கிற உரிமையா மாமா இப்போ அவசரம்?" என்று சிரித்தாள். அவளுக்கு எது அவசரம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் மையம்.

வீட்டுப் பணிப்பெண் திட்டம் தொடங்கியது 1978ல். இன்று அவர்கள் சுமார் மூன்று லட்சம் பேர். இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ், மியன்மார்ப் பெண்களோடு தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருவோர் உண்டு. வேலை நியமனச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை, கர்ப்பம் என்று தெரிந்தால் ஊருக்கு அனுப்பப்படுவார்கள். வார ஓய்வு நாள் சட்டமானது 2013ல், அதையும் பணம் கொடுத்து ஈடுகட்டலாம். மாதத்தில் ஒரு நாளையாவது அப்படி வாங்கக் கூடாது என்ற விதி 2023ல்தான் வந்தது. நம் தலைமுறைப் பெண்கள் அலுவலகத்தில் மேலே போனதை நாம் கொண்டாடுகிறோம். அவர்கள் ஏறிய ஏணியின் கீழ்ப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் இன்னொரு பெண். முதல் தலைமுறைப் பெண்ணியம் இதைப் பார்க்காமல் இல்லை. 2001 இறுதியில் 19 வயது இந்தோனேசியப் பணிப்பெண் ஒருவர் அடிபட்டுச் செத்ததன் அதிர்ச்சியில்தான் டிடபிள்யூசி2 உருவானது. ஆனால் இளையருக்கு இது அவமானத்தோடு வந்து சேர்ந்த இன்னொரு கதை.

2016 ஜூலையில் மியன்மாரைச் சேர்ந்த 24 வயதுப் பணிப்பெண் ஒருவர் இறந்தார். இறக்கும்போது எடை 24 கிலோ. சித்திரவதை செய்தவர் அந்த வீட்டின் மனைவி, துணை நின்றவர் அவர் தாய். வீட்டுக் கண்காணிப்புக் கேமராவில் கடைசி நாட்கள் பதிவாகியிருந்தன. 2021ல் முதலாளியம்மாவுக்கு 30 ஆண்டுச் சிறை. அது ஓர் இந்தியக் குடும்பம். தீர்ப்பு வந்த வாரம் நம்மவர்கள் "எங்கேயோ ஒன்று" என்று சொல்லிக் கடந்து போக முயன்றார்கள். இருபது வயதுப் பிள்ளைகள் பலர் தங்கள் வீட்டுச் சமையலறைக்குப் பக்கத்தில் இருக்கும் ஜன்னல் இல்லாத சின்ன அறையைத் திரும்பிப் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன். பெண்ணை ஆண் அடக்குவதை மட்டும் பேசும் பெண்ணியத்தால் அந்த வழக்கைப் புரிந்துகொள்ள முடியாது.

தேக்காவின் ஞாயிற்றுக்கிழமையும் இப்படித்தான். சிராங்கூன் சாலையில் அன்று ஆண்கள்தான் அலை அலையாக இருப்பார்கள், தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த ஊழியர்கள். "ஞாயித்துக்கிழமை அங்க போகாதே" என்று ஒவ்வொரு தமிழ்த் தாயும் மகளிடம் சொல்லியிருப்பாள். 2013 டிசம்பர் 8ஆம் தேதி, சக்திவேல் குமாரவேலு என்னும் ஊழியர் பேருந்து மோதி இறந்ததைத் தொடர்ந்து ரேஸ் கோர்ஸ் சாலையில் கலவரம் வெடித்தபோது, அந்த எச்சரிக்கைக்கு நாடே முத்திரை குத்தியது. பெண்ணின் பயம் உண்மையானது. உற்றுப் பார்க்கும் கண்களை யாரும் கற்பனை செய்வதில்லை. ஆனால் அந்தப் பயத்தைச் சாக்காக வைத்து ஊழியர்களை ஒதுக்கிவைக்கும் பேச்சுக்கு இளையர் பலர் உடன்படுவதில்லை. என் பாதுகாப்பை அவன் விடுமுறைக்கு எதிராக நிறுத்தாதே என்கிறார்கள். பதில் எளிதல்ல. கேம்பல் லேன் பூக்கடைக்கு ஞாயிறு மாலை போய் வந்தால் இரண்டு நியாயமும் தோளோடு தோள் உரசும்.

அடுத்த அடி இன்னும் எட்டி வைத்தது. 2022 ஏப்ரலில் ஹாங் லிம் பூங்காவில் மரண தண்டனைக்கு எதிராகச் சில நூறு பேர் கூடினார்கள். அந்த மாதம் 27ஆம் தேதி மலேசியத் தமிழர் நாகேந்திரன் தர்மலிங்கம் 42.72 கிராம் ஹெராயின் கடத்திய வழக்கில் தூக்கிலிடப்பட்டார். ஈப்போவிலிருந்து அவர் தாய் வந்திருந்தார். அடுத்த ஆண்டு தூக்குத் தண்டனை பெற்ற தங்கராஜு சுப்பையாவுக்காக அவர் சகோதரி கடைசி நாள் வரை மன்றாடினார். அதே ஆண்டு ஜூலையில் சரிதேவி ஜமானி, ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் தூக்கிலிடப்பட்ட முதல் பெண். போதைப்பொருளுக்குக் கடுமையான சட்டம் வேண்டும் என்பவர்கள் நம் சமூகத்தில் பெரும்பான்மை. போதையால் சீரழிந்த வீடுகளையும் நாம் அறிவோம். ஆனால் சாங்கி வாசலில் நிற்பவர்கள் யார்? அம்மா, அக்கா, மனைவி. வக்கீலைத் தேடி அலைவதும், ஊருக்கு உடலைக் கொண்டுபோக ஏற்பாடு செய்வதும் பெண்கள். அவர்களோடு நின்ற இளையரில் பெண்கள் நிறைய. கோகிலா அண்ணாமலை அவர்களில் தெரிந்த முகம்.

2024 பிப்ரவரி 2ஆம் தேதி ஆர்ச்சர்ட் சாலையிலிருந்து அதிபர் மாளிகையான இஸ்தானா வரை ஏறக்குறைய 70 பேர், தர்ப்பூசணி வரைந்த குடைகளோடு நடந்து போனார்கள். இஸ்ரேலுடனான உறவைத் துண்டிக்கக் கோரும் கடிதங்களைப் பிரதமருக்குக் கொடுக்கப் போனார்கள். தடைசெய்யப்பட்ட பகுதியில் ஊர்வலத்தை ஏற்பாடு செய்ததாக அந்த ஜூனில் மூவர்மீது வழக்குப் பதிவானது. கோகிலாவும் இரண்டு முஸ்லிம் பெண்களும். மூவரும் பெண்கள், மூவரும் சிறுபான்மையினர். 2025 அக்டோபர் 21ஆம் தேதி மாவட்ட நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அவர்கள் நடந்த பாதை தடைசெய்யப்பட்ட பகுதி என்று அவர்களுக்குத் தெரிந்திருந்ததாக நிரூபிக்கப்படவில்லை என்பது தீர்ப்பின் அடிப்படை. அவர்கள் அரசியலை ஏற்காதவர்களும், நேர்த்தியான உடையில் நீதிமன்றத்துக்கு வந்து போன அந்த மூவரை ஒரு கணம் நின்று பார்த்தார்கள்.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் இது ஆய்வாகாது. இந்த இளையரில் பெரும்பாலோர் பல்கலைக்கழகம் கண்டவர்கள். ஈராறை வீவக வீட்டில் இருந்து தொழிற்கல்விக் கழகத்துக்குப் போகும் தமிழ்ப் பெண்ணின் பிரச்சினைகள், அதாவது பகுதிநேர வேலை, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, குடிக்கும் அப்பா, இந்தப் பேச்சில் மேற்கோளாக வருகின்றன, குரலாக வருவதில்லை. ஒரு சொல் தவறினால் ஒருவரை ஒருவர் ஒதுக்கிவைக்கும் பழக்கம் அவர்களிடம் இருக்கிறது. பழைய சாதிச் சங்கத்து விலக்கல் போலவே அது வேலை செய்கிறது என்று சொன்னால் கோபம் வரும். மூன்று ஆண்டு ஓடியாடிவிட்டுச் சோர்ந்து நிறுத்திக்கொள்வோரும் உண்டு. நியமன உறுப்பினராகி, மசோதா கொண்டுவந்து, தோற்று, பிறகு சாரத்தை வென்ற அம்மாக்களின் நிதானம் அவர்களுக்குப் பொறுமையாகப் படுவதில்லை, சமரசமாகப் படுகிறது. இரண்டு தலைமுறையும் உட்கார்ந்து பேசினால் ஒருவர் மற்றவரிடம் கற்க நிறைய இருக்கிறது. ஆனால் அம்மாக்கள் பேசியபோது அரசாங்கம் பதில் சொல்லித் திருப்பி அனுப்பியது, பிள்ளைகள் பேசுவது சில நேரம் காவல் நிலையத்தில் முடிகிறது. அபாயத்தின் அளவு ஒன்றல்ல என்பதை அம்மாக்களும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

போன மாதம் அக்கா மகள் ஒரு தாளோடு வந்தாள். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வரும் பணிப்பெண்களுக்குக் கொடுக்க, அவர்கள் உரிமைகளைச் சொல்லும் துண்டுப் பிரசுரம். ஆங்கிலத்திலிருந்து அவளும் தோழியும் தமிழாக்கியிருந்தார்கள். "மாமா, தப்பு இருந்தாத் திருத்துங்க." சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். எழுத்துப் பிழைகள் இருந்தன, திருத்தினேன். "லீவு" என்று எழுதியிருந்த இடங்களிலெல்லாம் "வாராந்திர ஓய்வு நாள்" என்று மாற்றினேன். வாங்கிப் படித்தாள். பிழைத் திருத்தங்களை ஏற்றுக்கொண்டாள். பிறகு என் பேனாவையே கேட்டு வாங்கி, "வாராந்திர ஓய்வு நாள்" என்பதை ஒவ்வொன்றாக அடித்து மேலே மறுபடி "லீவு" என்று எழுதினாள்.

"முதலாளியம்மாகிட்ட அவங்க இப்படித்தானே கேக்கணும்?" என்றாள்.